அம்மாசி பேரில் ஏறிய கிழங்கு

முன்பெல்லாம் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்றால் கடைவீதி வழியாக நடக்க மாட்டார். கடன் கொடுத்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பது மட்டும் காரணமல்ல, கடன் கொடுக்காதவர்களும் பார்த்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேலம் வண்டி ஏறுவார். இப்போது காலம் நாகரிகம் அடைந்துவிட்டது. மங்களதீபம் சேகோ மில்ஸ் பிரைவேட் லிமிடெட் என்ற ஜவ்வரிசி ஆலை அறுபத்து நான்கு கோடி ரூபாய் கடனைக் கட்ட முடியாது என்று ஆனபோது, அதன் முதலாளி சுப்புராயன் எங்கும் ஒளியவில்லை. திவாலானது கம்பெனி. அவர் வேறு, கம்பெனி வேறு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்த வாரமே வடக்கனந்தலில் ஒரு காதுகுத்துக்கு வெள்ளை வேட்டியில் போய், ஆயிரத்தொரு ரூபாய் மொய் எழுதிவிட்டு, முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒளிய வேண்டிய நிலைமை அந்த ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு அனுப்பியவர்களுக்குத்தான் வந்தது. கல்வராயன் மலையில் நெல்லிப்பட்டு என்ற ஊரிலிருந்து பதினொரு குடும்பங்கள் கிழங்கு அனுப்பின. அதில் ஒருத்தி செல்லியம்மாள். நாற்பது வயது. ஓர் ஏக்கர் நிலம். புருஷன் சடையன் வருடத்தில் ஏழு மாதம் கேரளத்தில் மிளகு பறிக்கப் போய்விடுவான். கடைசியாக அவள் அனுப்பிய பன்னிரண்டு டன் கிழங்குக்கு ஆலை தர வேண்டியது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். அந்தக் கிழங்கை நட்டு, களை எடுத்து, பிடுங்கி முடிக்கத் தன் ஐந்து பவுன் சங்கிலியைக் கச்சிராயபாளையத்தில் ஒரு வங்கியில் அடகு வைத்திருந்தாள். கிழங்குப் பணம் வந்தால் சங்கிலி வரும். அவளுடைய நிதிநிலை அறிக்கை இந்த ஒரு வரிதான்.

கிழங்கு போகும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். லாரி தோட்டத்துக்கு வராது, தார்ச்சாலை முனையோடு நின்றுவிடும். பதினொரு வீட்டுக்காரர்களும் கிழங்கைப் பிடுங்கித் தலையிலும் டிராக்டரிலும் அங்கே கொண்டுவந்து, அவரவர் குவியலைத் தராசில் நிறுத்து, ஒன்றாக ஏற்றுவார்கள். ஆலையில் லாரிக்குள் நான்கு இடத்தில் கைவிட்டு எடுத்த கிழங்கைத் தண்ணீரில் நிறுத்துப் பார்த்து, மாவு எவ்வளவு இருக்கிறது என்று 'பாயிண்ட்' போடுவார்கள். ஒரு லாரிக்கு ஒரு பாயிண்ட், ஒரு விலை, ஒரு எடைச்சீட்டு. சீட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழே இறங்கி வருகிறவர் பெயரில் எழுதப்படும். அது எப்போதும் அம்மாசி, செல்லியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. கொண்டை ஊசி வளைவுகளில் அவனுக்கு வாந்தி வராது.

பணம் வந்ததும் கோயில் வாசலில் உட்கார்ந்து பிரிப்பார்கள். எவர் வீட்டுக் கிழங்கு எத்தனை டன், எத்தனை கிலோ என்று அம்மாசி மனப்பாடமாகச் சொல்வான். ஒன்பது வருடத்தில் ஒரு கிலோ தப்பியதில்லை. அதனால் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். நெல்லிப்பட்டில் அது ஒருவனை முகத்துக்கு நேரே வைவதைவிடக் கேவலம்.

சென்னையில் கம்பெனி திவால் வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயம், கடன் கொடுத்த வங்கிகளின் மனுவை ஏற்றுக்கொண்ட அன்றே ஒரு தடை உத்தரவு போட்டது. இனி யாரும் கம்பெனிமேல் வழக்குப் போடக் கூடாது, பாக்கிக்காக அதன் சொத்தில் கை வைக்கக் கூடாது. நோயாளிக்கு மூச்சுவிட அவகாசம் வேண்டும் என்பது சட்டத்தின் இரக்கம். அதே மாதம் செல்லியம்மாளுக்கும் ஒரு கடிதம் வந்தது. பதினான்கு நாளில் கட்டாவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்றது. அவள் மூச்சுவிடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு வெள்ளாடுகளை விற்று வட்டியைக் கட்டி, சங்கிலியை மறுபடி அடகு வைத்துவிட்டு வந்தாள்.

ஆலையைப் பார்த்துக்கொள்ளவும் அதை வாங்க ஓர் ஆளைப் பிடிக்கவும் தீர்ப்பாயம் கலையரசன் என்பவரை நியமித்தது. 'தீர்வு நிபுணர்' என்பது பதவி. சென்னையிலிருந்து வெள்ளைக் காரில் வந்து, சுப்புராயன் உட்கார்ந்த நாற்காலியில், அதன்மேல் கிடந்த துண்டைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். பாக்கி வர வேண்டியவர்கள் படிவம் கொடுக்கும்படி இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். நெல்லிப்பட்டுக்கு இரண்டுமே வருவதில்லை. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது சேதி காதில் விழுந்து, அம்மாசி பதினொரு வீட்டு ஆதார் நகலையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வேன் பிடித்து எல்லாரையும் கூட்டிப் போனான்.

கலையரசன் நகல்களைத் தொடவில்லை.

"எடைச்சீட்டு யார் பேர்ல இருக்கு?"

"எம்பேர்லங்க சார். ஆனா கெழங்கு பதினோரு வூட்டுதுங்க," என்றான் அம்மாசி.

"சீட்டுல இருக்கற பேருக்குத்தான் நான் போட முடியும். மத்தவங்க கொடுத்தாங்கன்னு காட்ட ரெக்கார்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெக்கார்டு அங்கேதான் பையோடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு அம்மாசி என்று பெயர்.

"சரி, எம்பேர்லயே போட்டுக்குங்க சார்," என்ற அம்மாசி, மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "வந்தா கோயில் வாசல்ல ஒக்காந்து பிரிச்சிக்கப் போறோம். எப்பவும் இன்னா பண்றமோ அதான்."

செல்லியம்மாளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் குப்பனுக்கு எதையும் நக்கல் இல்லாமல் பேச வராது. "உம்பேர்ல பதினாலு லட்சத்து அறுவதாயிரம். இன்னிக்கி மலையிலயே நீதாம்பா பெரிய பணக்காரன்," என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாசியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

இந்த வேலையெல்லாம் முந்நூற்று முப்பது நாளில் கட்டாயம் முடிய வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. 'கட்டாயம்' என்ற சொல்லை உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அதன் பிறகு நாள்கள் மலைப் பேருந்து மாதிரி ஆகிவிட்டன. வரும்; எப்போது என்று கேட்கக் கூடாது. இதற்கிடையில் வங்கிகள் மட்டும் அடங்கிய குழு ஒன்று சென்னையில் குளிர்ந்த அறைகளில் பதினொரு முறை கூடியது. கம்பெனியை மூழ்கடித்த முதலாளியே அதைக் குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்று சட்டம் சுப்புராயனைத் தடுத்தது. அவரும் வாங்கவில்லை. வாங்க முன்வந்தது 'நியூ மங்களம் அக்ரோ'. அதன் இயக்குநர் சந்தோஷ், சுப்புராயனிடம் பதினேழு வருடம் மேனேஜராக இருந்தவர். தனக்கும் சுப்புராயனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். அதைச் சுப்புராயன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் என்று ஆலை வாட்ச்மேன் சொல்லிக்கொண்டிருந்தான். வாட்ச்மேன் சொல்வதைப் பதிவு செய்யப் படிவம் இல்லை.

வங்கிக் குழு அந்தத் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டது, தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று தெரிந்த பிறகு, நெல்லிப்பட்டுக்காரர்கள் கள்ளக்குறிச்சி வக்கீல் பகலவனிடம் போனார்கள். அம்மாசியும் கூட வந்தான். மாடி அறையில் நாற்காலி மூன்றுதான். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

"அறுவத்தி நாலு கோடிக்கு பேங்க்குங்க இருவத்தி ஒண்ணு வாங்கிக்கறதா ஒத்துக்கினாங்க. மீதியத் தள்ளிட்டாங்க. இதுக்கு ஹேர்கட்டுன்னு பேரு," என்றார் பகலவன்.

"அவங்களுக்கு முடிவெட்டு. நமக்கு இன்னாங்க?" என்றான் குப்பன்.

"உங்கள ரெண்டு வகையா பிரிச்சிருக்காங்க. ரெண்டு லட்சத்துக்குக் கம்மியா பாக்கி இருந்தா சின்ன விவசாயி. முழுப் பணமும் உண்டு. அதுக்கு ஜாஸ்தியா இருந்தா வியாபாரி. நூறு ரூபாய்க்கு அம்பது பைசா."

செல்லியம்மாள் ஒரு நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "என்னுது ஒண்ணு முப்பத்தெட்டுங்க. அப்ப முழுசா வந்துடும்."

"உங்க பாக்கியே அங்க இல்லியேம்மா. அம்மாசி பாக்கிதான் இருக்கு. பதினாலு லட்சத்து அறுவதாயிரம். அவரு வியாபாரி. ஏழாயிரத்து முன்னூறு ரூபா வரும். அத நீங்க பதினோரு பேரும் பிரிச்சிக்கணும்."

"அவங்களுக்கு முடிவெட்டு, நமக்கு மொட்டை," என்று குப்பன் தானே பதில் சொல்லிக்கொண்டான்.

"இது அநியாயம்னு எதுத்துக் கேக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள் செல்லியம்மாள்.

பகலவன் கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்புகளைச் சொல்லும்போது அவர் கண்ணாடி போடுவதில்லை. "பேங்க்குங்க குழுவா ஒக்காந்து முடிவு எடுத்தா, அது அவங்க வியாபார அறிவு. அதுல கோர்ட்டு தலையிடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாச்சு. கடன் குடுத்தவங்களையும் சரக்கு குடுத்தவங்களையும் ஒரே தட்டுல வைக்கணும்னு அவசியமில்லன்னும் சொல்லியாச்சு."

"அந்த அறிவ வச்சிக்கினுதானே சார் இவங்களுக்கு அறுவத்தி நாலு கோடி குடுத்தாங்க," என்றான் குப்பன்.

பகலவன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. "இன்னொண்ணு. குழு ஒத்துக்கினதுக்கு அப்பறம் புதுசா ஒருத்தர் எனக்கும் பாக்கின்னு வந்து நிக்கக் கூடாது. வுட்டா இதுக்கு முடிவே இருக்காதுன்னு அதுக்கும் தீர்ப்பு இருக்கு. ஆனா நீங்க புதுசா ஒண்ணும் கேக்கல. ஏற்கெனவே ஏத்துக்கின ஒரு பாக்கிய, பதினோரு பேருதுன்னு பிரிச்சி எழுதுங்கன்றோம். அவ்ளோதான். அதுக்கு ஒரே ஒரு சாட்சி போதும்." அம்மாசியைப் பார்த்தார். "நீங்க அவங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லணும். இந்தக் கெழங்கு என்னுது மட்டுமில்ல, இவங்க எல்லாருதும்னு. சொன்னா ஒவ்வொருத்தருக்கும் முழுசா வர வாய்ப்பு இருக்கு. உங்களுக்கும் சேத்துதான்."

"என் தங்கச்சி சங்கிலி பேங்க்குல கீதுங்க சார். நான் சொல்லாம யாரு சொல்லப்போறாங்க," என்றான் அம்மாசி.

அன்று திரும்பும்போது கோமுகி அணைத் திருப்பத்தில் வேனை நிறுத்தி எல்லாருக்கும் அவன்தான் டீ வாங்கிக் கொடுத்தான். செல்லியம்மாள் மலைமேல் போய்ச் சேரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

விசாரணை நேரில் இல்லை, கணினித் திரையில். நீதி இருக்கிற இடத்துக்கு மக்கள் போக வேண்டியதில்லை, மக்கள் இருக்கிற இடத்துக்கே வரும் என்று இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பகலவனே ஒரு வக்கீல் சங்க மலரில் கட்டுரை எழுதியிருக்கிறார். அன்று காலை பத்தரை மணிக்கு அவருடைய மடிக்கணினி முன்னால் நெல்லிப்பட்டின் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அம்மாசி முதல் பேருந்திலேயே மலை இறங்கிவிட்டான் என்று அவன் மனைவி சொன்னாள். போன் அணைந்திருந்தது.

"சின்னசேலத்துல கொடலு கிடலு வாங்கித் துன்னுக்கினு இருப்பான். வந்துடுவான்," என்றான் குப்பன்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு வக்கீல். ஒருவர் கறுப்புக் கோட்டுக்குக் கீழே லுங்கி கட்டியிருந்தது, அவர் கோப்பு எடுக்க எழுந்தபோது தெரிந்தது. நெல்லிப்பட்டு மனுவின் வரிசை எண் முப்பத்து நான்கு. மூன்று மணிக்கு வந்தது. கலையரசன் ஒரு கட்டத்தில் தோன்றினார். 'நியூ மங்களம் அக்ரோ' என்று பெயர் எழுதிய கட்டத்தில் ஒரு சென்னை வக்கீல் தோன்றினார். அவருக்குப் பின்னால், விறைப்பான புதுச் சட்டையில், ஒருவன் காது மடலைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணன் வந்துடுச்சு," என்றாள் செல்லியம்மாள். அவள் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. வழி தெரியாமல் வேறு ஆபீசுக்குப் போய்விட்டான் போலிருக்கிறது, பரவாயில்லை, எங்கிருந்து சொன்னால் என்ன என்றுதான் நினைத்தாள்.

பகலவன் ஆங்கிலத்தில் பேசினார். சென்னை வக்கீல் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் பேசினார். கலையரசன், சீட்டில் இருந்த பெயரைத்தான் தான் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். தீர்ப்பாய உறுப்பினர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மாசி என்பவர் இருக்கிறாரா என்றார். சென்னை வக்கீல் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். உறுப்பினர் தமிழுக்கு மாறினார்.

"இந்த எடைச்சீட்டுல இருக்கற கிழங்கு யாருடையது?"

"என்னுதுங்கய்யா."

"எல்லாமும் உங்களுடையதா? இவங்க பத்துப் பேர் தங்களுடையதுன்னு சொல்றாங்க."

அம்மாசி காது மடலைவிட்டுக் கையை எடுத்தான். "நான் அவங்ககிட்ட முன்னாடியே காசு குடுத்து வாங்கிட்டங்கய்யா. எல்லாம் என் கெழங்குதான்."

"அண்ணே, இன்னா சொல்ற நீ?" செல்லியம்மாள் திரையை நோக்கிக் குனிந்துவிட்டாள். "எங்கிட்ட எப்ப காசு குடுத்த? அய்யா, அது பொய்ங்க. என்னுது பன்னெண்டு டன்னுங்க."

திரையில் யாருடைய முகமும் அசையவில்லை. பகலவன் மெதுவாகச் சொன்னார். "நம்ம மைக் அணைச்சிருக்கும்மா. நாம பேசறது அவங்களுக்குக் கேக்காது." அதைத் திறக்க அவர் விரலைக் கொண்டுபோவதற்குள் முப்பத்து ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். அம்மாசி இருந்த கட்டம் மறைந்து, அந்த இடத்தில் வேறொரு வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. நாற்பத்தொரு பக்கத்தில் நெல்லிப்பட்டுக்கு ஒரு பத்தி. ஏற்கப்பட்ட பாக்கியின் உரிமையாளரே மறுத்துவிட்டபடியால் விண்ணப்பம் தள்ளுபடி. திட்டத்துக்கு ஒப்புதல். திட்டத்தில் சொல்லப்படாத பழைய பாக்கி எல்லாம் இன்றோடு அழிந்தன, புதிய நிர்வாகம் சுத்தமான சிலேட்டில் எழுதத் தொடங்கும். கலையரசன் தன் வெள்ளைக் காரில் அடுத்த கம்பெனிக்குப் போனார். அடுத்த மாதம் செல்லியம்மாளின் போனுக்கு வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைக் கச்சிராயபாளையம் மருந்துக் கடைக்காரர் படித்துச் சொன்னார். சங்கிலி ஏலம் போய்விட்டது.

ஆலையைத் திரும்பத் திறந்த விழாவுக்கு மேளம், மாலை, பிளக்ஸ். சுப்புராயன் இப்போது 'கௌரவ ஆலோசகர்'. மேடையில் அவருக்குச் சந்தோஷ் பொன்னாடை போர்த்தினார். சந்தோஷுக்கு அவர் போர்த்தினார். ஒட்டும் உறவும் இல்லாத இருவர் அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை யாரும் பார்த்ததில்லை. விவசாயிதான் இந்த ஆலையின் தெய்வம் என்று சுப்புராயன் பேசினார். கடைசி நாற்காலியில் அம்மாசி இருந்தான். அவன் 'மலைப்பகுதி முதன்மைக் கொள்முதல் முகவர்' என்று அறிவித்தார்கள். மலைப்பகுதியில் வேறு முகவர் இல்லை. அதனால் முதன்மை என்பதில் பிழையும் இல்லை.

நெல்லிப்பட்டில் நான்கு மாதம் யாரும் அவனோடு பேசவில்லை. கோயில் காரியத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. ஆனால் தை பிறந்தது. மண்ணுக்குள் கிழங்கு பத்து மாதம் முற்றிவிட்டது. பிடுங்கினால் இரண்டே நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். மலை ஏறி வரும் லாரி அம்மாசியுடையது மட்டும்தான். முதலில் ஒரு வீடு பேசியது. பிறகு மூன்று. கடைசியில் குப்பனும் அவன் லாரியில் ஏற்றினான். செல்லியம்மாள் கேட்டதற்கு, "கெழங்குக்கு ரோசம் கெடயாது தாயி," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு நாள் காலை அம்மாசியே அவள் வீட்டுக்கு வந்தான். அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தானாக ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"செல்லி, உன்னுது ஒண்ணுதான் பிடுங்காம கீது. நாளைக்கி லாரி சொல்லட்டா?"

"சீட்டு யார் பேர்ல போடுவாங்க?"

"ஏஜெண்டு பேர்லதான். கம்பெனி ரூலு."

அவள் முறத்தைத் தட்டினாள். "ஏண்ணே அப்பிடிச் சொன்ன?"

இந்தக் கேள்விக்கு அவன் தயாராக வந்திருந்தான். "பதினோரு பேருதுன்னு சொன்னா கம்பெனி பதினாலரை லட்சம் தூக்கிக் குடுக்கணும். அப்பிடி ஆனா ஆலைய வாங்கவே மாட்டோம்னுட்டாங்க. ஆலை மூடிக் கெடந்தா நீ இந்தக் கெழங்க எங்க கொண்டும்போயிக் கொட்டுவ? நான் ஊருக்கு நல்லதுதான் பண்ணன். கோர்ட்டே ஏத்துக்கினு கீது."

"உனக்கு இன்னா குடுத்தாங்க?"

"காசு ஒண்ணும் குடுக்கல. ஏஜென்சிதான். டன்னுக்கு இருநூறு கமிஷன்."

"என் சங்கிலி ஏலம் போனது தெரியுமா?"

"கேள்விப்பட்டன்." சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தான். ஒரு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது, இரண்டு இருபது. "கோர்ட்டு குடுத்தத அப்பிடியே பிரிச்சிக் கொண்டாந்துட்டன். உன்னுது அறுநூத்தித் தொண்ணூறு. ஒரு பைசா நான் எடுக்கல. பன்னெண்டு டன்னுக்குக் கணக்கு. அப்பறம் நாப்பது கிலோ ஜாஸ்தியா இருந்துது, அத மட்டும் தள்ளிட்டன்."

செல்லியம்மாள் முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நாற்பது கிலோ அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அவன் ஒரு காகிதத்தை நீட்டினான். தனக்கும் முகவருக்கும் எந்தத் தகராறும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போடு. பத்துப் பேருகிட்டயும் வாங்கியாரச் சொல்லி கீறாங்க. உன்னுது ஒண்ணுதான் பாக்கி."

"நீ எனக்கு எழுதிக் குடு. எதுக்கு இந்தக் காசுன்னு."

"நானா?" அவன் முகம் சுருங்கியது. ஒன்பது வருடத்தில் அவனிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "என்ன நம்பலியா நீ?"

"வக்கீலு எதுன்னாலும் எழுதி வாங்கிக்கச் சொன்னாரு. நான் இன்னாத்தக் கண்டன்."

அவன் கோபித்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் அவனுடைய தோள்பையில், வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் கேட்டிராத ஒரு பொருள் இருந்தது. அச்சடித்த லெட்டர் பேட். மேலே, தடித்த எழுத்தில் 'சி. அம்மாசி'. அதற்குக் கீழே பதவி. ஓரத்தில் முள்ளங்கி மாதிரி தெரியும் ஒரு மரவள்ளிக் கிழங்குப் படம். இரண்டு போன் எண்கள். அதில் ஒன்று அணைந்தே இருக்கும். இப்போது ஒருவர் எழுத்து கேட்கிறார். பேட்டைத் தொடைமேல் வைத்து, முதல் தாளில், பள்ளிக்கூடத்தில் கற்ற குண்டு எழுத்தில் எழுதினான். போன வருடத்துக்கு முந்தின வருடம் லாரியில் ஏற்றி என் பேரில் போட்ட செல்லியம்மாளின் பன்னிரண்டு டன் கிழங்குக்கு, கோர்ட்டு மூலம் வந்ததில் அவர் பங்கு ரூபாய் 690 கொடுத்துவிட்டேன். கையெழுத்து. தேதி. பிறகு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, அதன்மேல் வாயால் ஊதி, ஒரு முறை அழுத்தினான். தெளிவாக விழவில்லை என்று இன்னொரு முறையும் அழுத்தினான்.

"போதுமா?"

"போதும். உன் காயிதத்துக்கு நான் ரோசன பண்ணிக் கையெழுத்துப் போடறன். கெழங்கு இப்ப பிடுங்கல."

"பாயிண்ட் எறங்கிடும், செல்லி."

"எறங்கட்டும்."

இரண்டு நாள் கழித்து அவள் தனியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பகலவன் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். அத்தனை தீர்ப்புகளாலும் வாங்கித் தர முடியாத சாட்சியம் ஒரு முள்ளங்கிப் படத்துக்குக் கீழே கிடைத்திருந்தது.

"தீர்ப்பாயம் முடிச்சி வச்சது கம்பெனி பாக்கிய. இது அது இல்ல. உங்க கெழங்குதான்னு அவரே எழுதிட்டாரு. அங்க காசு குடுத்து வாங்கினேன்னு சொன்னாரு, இங்க குடுத்தது அறுநூத்தித் தொண்ணூறுன்னு காட்டறாரு. மீதிக்கு அவருதான் உங்களுக்குக் கடன்காரரு. நம்ம ஊர் கோர்ட்லயே போடலாம்." தாளை ஒரு கோப்பில் வைத்தார். "மத்தவங்களும் வருவாங்களா?"

"வர மாட்டாங்க. எல்லாம் அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. லாரி வேணுமில்ல."

"ஜெயிக்கலாம். ஆனா நல்லா யோசிச்சிக்குங்க. இது சுப்புராயன்மேல போடற கேஸ் இல்ல."

"சுப்புராயன நான் நம்பலியே," என்றாள் செல்லியம்மாள். "அவுரு மேல எனக்கு இன்னா கோவம்."

பகலவன் கீழே போய்விட்டார். தட்டச்சு மேசையில் அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த நிர்மலா இருந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. மனுவின் மேல்பகுதியை நிரப்ப ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உங்க பேரும்மா?"

"செல்லியம்மாள்."

"கணவர் பேரு?"

"சடையன்."

"பிரதிவாதி பேரு அம்மாசி. அதுக்கு முன்னாடி 'சி'ன்னு இருக்கு. அவங்க அப்பா பேரு தெரியுமா?"



"சின்னான்."

"உயிரோட இருக்காரா?"

"இல்லீங்க. பன்னெண்டு வருசம் ஆச்சு."

நிர்மலா தட்டினாள். காலஞ்சென்ற சின்னான் மகன் அம்மாசி, நெல்லிப்பட்டு. "வாதிக்கும் பிரதிவாதிக்கும் உறவு ஏதாவது இருந்தா இங்க எழுதணும்மா. இல்லன்னா இல்லன்னு போட்டுடறேன்."

"இல்லன்னு போடாதீங்க."

"அப்ப என்ன போட?"

"ஒண்ணும் போடாம வுடுங்க."

நிர்மலா அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.